பாலையில் நடந்த வில்ஸ்

(பத்தாம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு)

கொலம்பஸ், வாஸ்கோடகாமா போன்றோரைப் பற்றி நம் பள்ளி மலரில் ஆண்டுதோறும் யாரேனும் ஒருத்தி எழுதிவிடுகிறாள். அவர்கள் கடலைக் கடந்தவர்கள். நான் எழுத எடுத்துக்கொண்டவரோ பாலை நிலத்தைக் கால்நடையாகக் கடந்தவர். சென்ற ஆண்டு பூகோள வகுப்பில் ஆஸ்திரேலியாவின் படத்தை ஆசிரியை மாட்டியபோது, ஊர்ப்பெயர்கள் எல்லாம் கரையோரமாகவே நெருக்கியடித்துக்கொண்டு நிற்பதையும், நடுப்பகுதி வெறுமையாகக் கிடப்பதையும் கண்டு, இதற்குள் முதலில் போனவர் யார் என்று எழுந்து கேட்டேன். ஆசிரியை சிரித்தார். அங்கே பல்லாயிரம் ஆண்டுகளாக மக்கள் வாழ்ந்து வருகிறார்கள் என்றும், வெளியிலிருந்து போனவர்களைப் பற்றித்தான் கேட்கிறாய் என்றால் நூலகத்தில் தேடிப் பார் என்றும் சொன்னார். அப்படித் தேடியபோது கிடைத்தவரே வில்லியம் ஜான் வில்ஸ். இறக்கும்போது அவருக்கு வயது 27. என் மூத்த அண்ணனுக்கும் இப்போது அதே வயதுதான்.

வில்ஸ் 1834-ஆம் ஆண்டு ஜனவரித் திங்கள் 5-ஆம் நாள் இங்கிலாந்தில் டெவன் மாநிலத்திலுள்ள டாட்னஸ் என்னும் சிற்றூரில் பிறந்தார். தந்தையார் மருத்துவர். ஏழாம் வயதில் கண்ட கடுங்காய்ச்சல் ஒன்று அவருடைய பேச்சைப் பாதித்துவிட்டது. அன்றுமுதல் நிதானமாக, சற்றே தயங்கித் தயங்கித்தான் பேசுவாராம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பள்ளிப்படிப்பு முடிந்தபின் தந்தையாரின் தொழிலையே கற்கத் தொடங்கி, லண்டன் மருத்துவமனைகளிலும் சிறிது காலம் பயின்றார். ஆயினும் அவருடைய உள்ளம் கணக்கிலும் விண்மீன்களிலும்தான் இருந்தது.

அக்காலத்தில் ஆஸ்திரேலியாவின் விக்டோரியாப் பகுதியில் தங்கம் கிடைத்த செய்தி உலகெங்கும் பரவியிருந்தது. வில்ஸும் அவர் தம்பியும் கப்பலேறி, 1853 ஜனவரித் தொடக்கத்தில் மெல்பர்ன் நகரில் இறங்கினர். போன இடத்தில் கிடைத்த வேலையோ ஆடு மேய்ப்பது! பிற்பாடு தந்தையாரும் வந்துசேர, பல்லாரட் என்னும் தங்கவயல் ஊரில் அவருக்கு உதவியாக இருந்தார். அதன்பின் நில அளவைத் தொழிலைக் கற்று, 1858-இல் மெல்பர்ன் வானாய்வுக்கூடத்தில் நியூமேயர் என்ற ஜெர்மானிய அறிஞரிடம் உதவியாளராகச் சேர்ந்தார். இரவெல்லாம் விழித்திருந்து கருவிகளின் அளவுகளைக் குறித்து வைப்பது அங்கே அவருடைய பணி. ஆட்டுக்குட்டிகளை எண்ணியவர் விண்மீன்களை எண்ணும் இடத்திற்கு ஐந்தே ஆண்டுகளில் வந்துவிட்டார்.

அந்தச் சமயத்தில்தான் விக்டோரியாவின் ராயல் சங்கத்தார் ஒரு பெருந்திட்டம் தீட்டினர். தென்கோடியிலுள்ள மெல்பர்னிலிருந்து புறப்பட்டு, வடகோடியிலுள்ள கார்ப்பென்டாரியா வளைகுடா வரை, ஏறத்தாழ 3,250 கிலோமீட்டர் தூரம், கண்டத்தின் நடுவே சென்று வரவேண்டும். தலைவராக ராபர்ட் ஓஹாரா பர்க் என்னும் அயர்லாந்துக்காரர் நியமிக்கப்பட்டார். அவர் முன்னாள் படைவீரர், காவல்துறை அதிகாரி. துணிச்சல் மிக்கவர். ஆனால் ஆராய்ச்சிப் பயணம் எதிலும் சென்று பழகியவர் அல்லர். வில்ஸுக்குக் கிடைத்தது மூன்றாம் இடம். நில அளவையாளர், விண்ணோக்காளர் என்ற இரு பொறுப்புகள். இரண்டாம் இடம் லாண்டெல்ஸ் என்பவருக்கு. ஒட்டகங்களை வாங்கி வந்தவர் அவரே.

இந்த ஒட்டகங்களைப் பற்றிச் சொல்லவேண்டும். ஏனெனில் அவை நம் பக்கத்திலிருந்து போனவை! அன்று பிரிட்டிஷ் இந்தியாவில் இருந்த கராச்சித் துறைமுகத்தில் கப்பலேற்றப்பட்ட 24 ஒட்டகங்கள் 1860 ஜூன் மாதம் மெல்பர்னில் இறங்கின. அவற்றைப் பார்த்துக்கொள்ள சிப்பாய்கள் சிலரும் உடன் சென்றனர். அவர்களுள் சாம்லா என்னும் இந்து ஒருவர் இருந்தார். குழுவினருக்குத் தரப்பட்ட இறைச்சி உணவை உண்ண அவருடைய மதம் இடந்தராததால், புறப்பட்ட சில நாட்களிலேயே அவர் விடைபெற்றுக்கொண்டார். எத்தனையோ பொருள்களுக்குப் பட்டியல் போட்டவர்கள், கூட வரும் ஒருவர் எதை உண்பார் என்று முன்கூட்டியே கேட்டிருக்க வேண்டாமா?

பட்டியல் என்றேன் அல்லவா? அது எப்பேர்ப்பட்ட பட்டியல் தெரியுமா! ஈராண்டுக்கு வேண்டிய உணவு. கூடாரங்கள், துப்பாக்கிகள், வாணங்கள், கொடிகள். ஒட்டகங்களின் பாதங்களுக்குத் தனிக் காலணிகள். ஆறு குறுக்கிட்டால் ஒட்டகங்கள் மிதந்து செல்லக் காற்றடைத்த பைகள். சீன நாட்டுச் சேகண்டி ஒன்று. தேவதாருப் பலகை பதித்த மேசை ஒன்று. அதற்கு இரண்டு நாற்காலிகள். ஒட்டகங்களின் உடல்நலத்திற்கு என்று 60 காலன் ரம் வேறு. எல்லாமாகச் சேர்ந்து 20 டன் அளவுக்கு வந்துவிட்டது. டார்லிங் ஆறு வரை சுமைகளைப் படகிலேயே கொண்டுபோய்த் தருகிறேன் என்று நீராவிப் படகுத் தலைவர் ஒருவர் முன்வந்தார். அவர் தம் நியமனத்தை எதிர்த்தவர் என்பதால் பர்க் மறுத்துவிட்டார். ஆகவே அத்தனையும் ஆறு பாரவண்டிகளில் ஏறின.

1860 ஆகஸ்டு 20. ராயல் பார்க் என்னும் திடலில் 15,000 பேர் வழியனுப்பக் கூடிவிட்டனர். 19 ஆட்கள், 26 ஒட்டகங்கள், 23 குதிரைகள். காலையில் புறப்பட வேண்டியவர்கள் புறப்படும்போது மாலை நான்கு மணி! கட்டியதை அவிழ்ப்பதும், அவிழ்த்ததைக் கட்டுவதுமாகப் பகல் முழுவதும் கழிந்தது. ஒரு வண்டி திடலைத் தாண்டுமுன்பே முறிந்தது. நள்ளிரவில் அவர்கள் போய்ச் சேர்ந்த இடம் நகரத்தின் எல்லையிலுள்ள எசென்டன்தான். அங்கே மேலும் இரண்டு வண்டிகள் பழுதாயின. நம் விடுதியில் சுற்றுலாப் புறப்படும் நாளில் நடக்கும் அமளியை அறிந்தவர்களுக்கு இதில் வியப்பு ஒன்றும் இராது.

இந்த ஆரவாரத்தின் நடுவே வில்ஸ் எதைப் பார்த்துக்கொண்டார்? தம் கருவிகளை. சூரியனும் விண்மீன்களும் எவ்வளவு உயரத்தில் நிற்கின்றன என்று அளக்கும் செக்ஸ்டன்ட், பிழையின்றி நேரம் காட்டும் குரோனோமீட்டர், காற்றழுத்தமானி, திசைகாட்டி ஆகியவை அவர் பொறுப்பு. சேகண்டி உடைந்தால் யாருக்கும் நட்டமில்லை. குரோனோமீட்டர் நின்றுபோனால், பாலையின் நடுவே தாம் எங்கே நிற்கிறோம் என்பதே தெரியாமற்போய்விடும்.

வழிநெடுகச் சுமை கழியத் தொடங்கியது. பால்ரானால்ட் என்ற ஊரில் சர்க்கரையையும் துப்பாக்கிகள் சிலவற்றையும் விட்டார்கள். எலுமிச்சைச் சாற்றையும் விட்டார்கள். பசுங்காய்கறி இல்லாத பயணத்தில் ஸ்கர்வி நோயைத் தடுக்கக்கூடிய பொருள் அந்தச் சாறு ஒன்றே. பின்னால் வந்த குழுவில் சிலரை அந்த நோய் கொண்டுபோயிற்று. மேசை நாற்காலியையா, எலுமிச்சைச் சாற்றையா, எதை முதலில் கழிப்பீர்கள் என்று எங்கள் வகுப்பில் கேட்டேன். நாற்பது பேரும் ஒரே விடைதான் சொன்னார்கள். ஆனால் நாங்கள் நிழலில் உட்கார்ந்து, முடிவு தெரிந்தபின் விடை சொல்கிறவர்கள் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

செப்டம்பர் 24-ஆம் நாள் பர்க் புதிய கட்டளை பிறப்பித்தார். சுமைகள் ஒட்டகங்களின் முதுகுக்கு மாறவேண்டும். ஆட்கள் அனைவரும் இனி நடக்கவேண்டும். ஒருவருக்கு 14 கிலோ எடைக்கு மேல் சொந்தப் பொருள் கூடாது. நடைப்பயணம் அங்கிருந்துதான் உண்மையில் தொடங்குகிறது. மெனின்டீ என்னும் கடைசிக் குடியிருப்பை அடைந்தபோது அக்டோபர் 12 ஆகிவிட்டது. 750 கிலோமீட்டருக்கு இரண்டு மாதம்! அஞ்சல் வண்டி அத்தூரத்தை ஒரு வாரத்திற்குச் சற்று அதிகமான நேரத்தில் கடந்துவிடுமாம். இதற்கிடையில் பர்க்கும் லாண்டெல்ஸும் சண்டையிட்டுப் பிரிந்தனர். சண்டைக்குக் காரணங்களுள் ஒன்று அந்த ரம் பீப்பாய்கள். லாண்டெல்ஸ் விலக, வில்ஸ் இரண்டாம் தலைவரானார். வயது 26. தலைவரோ முன்கோபி, துணைத்தலைவரோ அதிர்ந்து பேசாதவர்.

மெனின்டீயில் பர்க் பொறுமை இழந்தார். ஸ்டூவர்ட் என்னும் மற்றொரு பயணி தெற்கு ஆஸ்திரேலியாவிலிருந்து வடகரைக்கு முயன்றுகொண்டிருந்தார். அவர் முந்திவிடுவார் என்ற கவலை. ஆகவே குழுவை இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதியை அங்கேயே விட்டு, வில்ஸ் முதலியோருடன் விரைந்து வடக்கே சென்று, நவம்பர் 11-இல் கூப்பர் கிரீக் என்னும் சிற்றாற்றை அடைந்தார். அது பெயருக்குத்தான் ஆறு. மழை இல்லாக் காலத்தில் நீர்மடுக்கள் வரிசையாகக் கிடக்கும், அவ்வளவே. முதலில் இறங்கிய இடத்தில் எலிகளின் தொல்லை தாங்கவில்லை. உணவுப் பைகளை மரக்கிளைகளில் கட்டித் தொங்கவிட்டும் பயனில்லாமல் இடம் மாறினர். மாறிய இடம் அவர்களுடைய 65-ஆவது முகாம். மடுவின் கரையில் ஒரு பெரிய கூலிபா மரம் நின்றது.

தோழியரே, நான் சொல்ல வந்த கதை இந்த மரத்தடியில்தான் தொடங்குகிறது. மெனின்டீயில் தங்கியவர்கள் மிச்சமிருந்த ஒட்டகங்களையும் உணவையும் கொண்டு விரைவில் வந்து சேரவேண்டும் என்பது ஏற்பாடு. அவர்கள் வரவில்லை. கோடைக்காலமும் வந்துவிட்டது. அந்நாட்டில் டிசம்பரும் ஜனவரியும்தான் கோடை. மார்ச்சு வரை பர்க் அங்கேயே தங்கியிருப்பார் என்றே எல்லாரும் எண்ணியிருந்தனர். வில்ஸோ சும்மா இருக்கவில்லை. வடக்கே நீர் கிடைக்குமா என்று பலமுறை சென்று பார்த்தார். ஒருமுறை நெடுந்தூரம் போயிருந்தபோது ஒட்டகங்கள் மூன்றும் ஓடிவிட்டன. கூடச்சென்றவரும் அவருமாக 100 கிலோமீட்டருக்கு மேல், சிறிதளவு நீரைக்கொண்டு, நடந்தே டிப்போவுக்குத் திரும்பினர். வரவிருந்த பெருநடைக்கு அது ஒத்திகைபோல் ஆயிற்று.

டிசம்பர் நடுவில் பர்க் இனிக் காத்திருப்பதில்லை என்று முடிவெடுத்தார். மேலே செல்வோர் நால்வர்: பர்க், வில்ஸ், ஜான் கிங், சார்லஸ் கிரே. கிங் இந்தியாவில் பணியாற்றிய இளம் படைவீரர், ஒட்டகங்களோடு வந்தவர். கிரே முன்னாள் மாலுமி. ஆறு ஒட்டகங்களும், பில்லி என்ற ஒரே குதிரையும். கடைசி நாட்களில் மாவு, ஓட்ஸ், அரிசி, உலர்த்திய இறைச்சி, உப்பிட்ட பன்றி இறைச்சி, சர்க்கரை, தேயிலை எல்லாம் பன்னிரண்டு வாரத்திற்கென அளந்து கட்டப்பட்டன. தோற்பைகளில் நீர் நிரப்பப்பட்டது. கூடாரம் இல்லை, வெட்டவெளியில்தான் உறக்கம். மெல்பர்னில் 20 டன் ஏற்றிய கூட்டம், மிக அரிய பகுதியைக் கடக்க இவ்வளவே எடுத்துக்கொண்டது. வரைபடத்தில் நேர்கோடு இழுத்தாலே அங்கிருந்து வடகடல் 1,000 கிலோமீட்டருக்கு மேல். போக வர இருமடங்கு. அதற்குப் பன்னிரண்டு வாரம்!

டிப்போவில் தங்குவோர் நால்வர். அவர்களுக்குத் தலைவர் பிராஹே என்னும் ஜெர்மானிய இளைஞர். எத்தனை நாள் காத்திருப்பது? மூன்று மாதம், அல்லது உணவு தீரும்வரை என்று பர்க் வாயால் சொன்னார். எழுத்தில் ஒன்றும் கொடுக்கவில்லை. மூன்று மாதத்திற்குப்பின் நாங்கள் வராவிட்டால் எங்கே தேடுவது, நீங்கள் போய்விட்டால் எந்த வழியாகப் போனீர்கள் என்று எப்படித் தெரிவது, திரும்பி வந்தவர் வந்ததற்கு எந்த அடையாளம் வைப்பது என்பதற்கெல்லாம் ஒரு தாள் இல்லை. மாவை நிறுத்தார்கள், இறைச்சியை நிறுத்தார்கள், சொல்லை மட்டும் நிறுக்காமல் விட்டுவிட்டார்கள்.

ஆனால் வில்ஸ் கணக்கறிந்தவர். தூரத்தையும் நாளையும் வகுத்துப் பார்த்திருப்பார் போலும். அவர் தனியே பிராஹேயிடம், நான்கு மாதம் வரை காத்திருக்க முடியுமா என்று கேட்டுக்கொண்டார். தலைவரின் முன்னிலையில் அதைச் சொல்லவில்லை. தயங்கிப் பேசும் அந்த மனிதர் அன்று தயங்காமல் எல்லார் முன்னும் சொல்லி, எழுதியும் வாங்கியிருந்தால் என்று நான் பலமுறை நினைத்ததுண்டு. சென்ற ஆண்டுச் சுற்றுலாவில், சோற்றுப் பொட்டலம் முதல் தலைவலி மாத்திரை வரை எல்லாம் எடுத்துக்கொண்ட நானும் என் தோழியும், மலைக்கோட்டையில் எந்த இடத்தில் சந்திப்பது என்று மட்டும் சரியாகப் பேசிக்கொள்ளவில்லை. அவள் மேலேயும் நான் கீழேயுமாக ஒரு மணிநேரம் நின்றோம். எங்களுக்குக் கிடைத்தது வசவு மட்டுமே.

1860 டிசம்பர் 16, ஞாயிற்றுக்கிழமை. திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு. நால்வரும் புறப்பட்டனர். பர்க்கும் வில்ஸும் முன்னே நடக்க, கிங் ஒட்டகங்களையும் கிரே குதிரையையும் பிடித்துக்கொண்டு பின்னே வந்தனர். கிறிஸ்மஸுக்காக 24-ஆம் நாள் ஒருநாள் ஓய்வு. மறுநாள் விடியுமுன் மீண்டும் நடை. பகலெல்லாம் நடந்து, மற்றவர் படுத்தபின் விண்மீன்களை அளந்து, இருப்பிடத்தைக் கணித்து, நாட்குறிப்பில் எழுதுவது வில்ஸின் வேலை. அவருக்கு 27 வயது நிறைந்த நாளும் இந்த நடையில்தான் வந்து போயிற்று. கல் பாலை, மணல்மேடு, மலைத்தொடர், பிறகு மழையில் ஊறிய சதுப்பு நிலம் எனக் கடந்து, பிப்ரவரி இரண்டாம் வாரத்தில் கடலை நெருங்கினர். கடைசிப் பகுதியில் கிங்கையும் கிரேயையும் முகாமில் விட்டு, பர்க்கும் வில்ஸும் மட்டும் முன்சென்றனர். நீர் உப்புக் கரித்தது. அலை ஏறி இறங்கியது. ஆனால் அலையாத்திக் காடும் சேறும் வழிமறித்ததால், திறந்த கடலைக் கண்ணால் காணாமலே திரும்பினர். இத்தனை தூரம் நடந்தும் கடலைப் பார்க்கவில்லையே என்று எனக்கு ஆற்றாமையாக இருந்தது. வில்ஸ் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அவருக்கு அட்சரேகைக் கணக்கே போதுமானதாக இருந்தது.

போவதற்கு 59 நாள் ஆயிற்று. எஞ்சிய உணவு 27 நாளைக்கு. நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள். திரும்பும் வழியில் ஒட்டகங்கள் சிலவற்றைக் கொன்று தின்றார்கள். ஏப்ரல் 10-இல் பில்லியையும் கொன்றார்கள். கிரே நோயுற்றார். மாவைத் திருட்டுத்தனமாக எடுத்து உண்டதற்காகப் பர்க் அவரை அடித்தார். நோயுற்றதுபோல் நடிக்கிறார் என்றே மற்றவர்கள் எண்ணினார்கள். வில்ஸும் அப்படித்தான் எண்ணினார். ஏப்ரல் 17-இல் கிரே இறந்தார். எலும்பும் தோலுமாய் இருந்த மூவரும் அவருக்குக் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, அன்று முழுவதும் எழ முடியாமல் அங்கேயே கிடந்தனர். பிற்பாடு தம் கால்களும் அதேபோல் தளர்ந்தபோது, நடிப்பு என்று தாங்கள் நினைத்த வேளைகளில் கிரே எவ்வளவு துன்பப்பட்டிருப்பார் என்று வில்ஸ் வருந்தித் தம் குறிப்பில் எழுதி வைத்தார். வில்ஸின் மேல் எனக்கு மதிப்பு வந்தது இந்த இடத்தில்தான்.

1861 ஏப்ரல் 21. அதுவும் ஞாயிறு. புறப்பட்டுச் சரியாகப் பதினெட்டு வாரம். மீதமிருந்த இரண்டு ஒட்டகங்களுடன் மாலையில் டிப்போவை வந்தடைந்தனர். ஒருவரும் இல்லை. கூலிபா மரத்தில், தோண்டு என்று பொருள்படும் ஆங்கிலச் சொல்லும் அன்றைய தேதியும் செதுக்கப்பட்டிருந்தன. ஆம், அன்றைய தேதியேதான்! பிராஹே அன்று காலையில்தான் புறப்பட்டுப் போயிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மூன்று மாதம் என்ற கட்டளையையும், நான்கு மாதம் என்ற வேண்டுகோளையும் கடந்து ஐந்து நாள் காத்திருந்தார். அவருடைய ஆட்களுள் ஒருவர் குதிரையிலிருந்து விழுந்து படுத்த படுக்கையாய் இருந்தார். மெனின்டீயிலிருந்து உதவியும் வந்து சேரவில்லை.

தோண்டிப் பார்த்தனர். ஒரு பெட்டியில் மாவு, ஓட்ஸ், அரிசி, சர்க்கரை, உலர்ந்த இறைச்சி; ஒரு கடிதம். தம்மிடமுள்ள ஒட்டகங்களும் குதிரைகளும் நல்ல நிலையில் இருப்பதாகக் கடிதத்தில் பிராஹே எழுதியிருந்தார். அதைப் படித்த பர்க், இனி அவர்களைப் பிடிக்க முடியாது என்று முடிவு கட்டினார். உண்மையில் அன்றிரவு பிராஹே தங்கியது 22 கிலோமீட்டர் தூரத்தில்தான்! வந்த வழியே மெனின்டீக்குப் போகலாம் என்பது வில்ஸ், கிங் இருவரின் எண்ணம். ஹோப்லெஸ் குன்றின் பக்கமுள்ள ஆட்டுப்பண்ணை 240 கிலோமீட்டரில் இருப்பதாகவும் அதுவே குறுக்குவழி என்றும் பர்க் சொன்னார். ஹோப்லெஸ் என்றால் நம்பிக்கையற்றது என்று பொருள். வில்ஸ் இம்முறையும் பணிந்தார்.

போகுமுன் பர்க் ஒரு கடிதம் எழுதி, பெட்டியில் இட்டு, மண்ணை முன்போலவே மூடினர். மரத்திலிருந்த எழுத்துகளுடன் புதிதாக ஒரு கோடுகூடச் செதுக்கவில்லை. வில்ஸின் கண்ணுக்குமா அது படவில்லை? மயிரிழை அளவுப் பிழையையும் பொறுக்காத அந்தக் கண்ணுக்கு? பசியும் களைப்பும் அறிவை என்ன செய்துவிடும் என்பதற்கு இதைவிட வேறு என்ன சொல்வது! வழியில் மெனின்டீக் குழுவைச் சந்தித்த பிராஹே, மனம் கேளாமல் மே 8-ஆம் நாள் மீண்டும் மரத்தடிக்கு வந்தார். பழைய எழுத்து அப்படியே இருந்தது. மண்ணும் கலைந்ததாகத் தெரியவில்லை. கால் மணிநேரம் நின்றுவிட்டுத் திரும்பிப் போனார். அப்போது மூவரும் அதே ஆற்றின் கீழ்ப்பகுதியில் உயிரோடு இருந்தனர்.

அவர்களுடைய ஒட்டகம் ஒன்று சேற்றில் புதைந்தது, மற்றொன்றும் மாண்டது. நீரைச் சுமக்க விலங்கின்றிப் பாலையைக் கடக்க முடியாமல் ஆற்றங்கரைக்கே திரும்பினர். அந்தக் கரையிலோ யாண்ட்ருவாந்தா என்னும் பழங்குடி மக்கள் குழந்தை குட்டிகளோடு வாழ்ந்துகொண்டிருந்தார்கள்! அவர்கள் இவர்களுக்கு மீன் கொடுத்தார்கள். நார்டூ என்னும் செடியின் வித்துகளை அரைத்துச் சுட்ட அடையும் கொடுத்தார்கள். நார்டூ வேறொன்றுமில்லை, நம் வயலோரத்தில் நான்கு இலையுடன் படர்கிறதே ஆரைக்கீரை, அதன் இனம்தான். என் பாட்டி அதைப் பறித்து வந்து பொரியல் செய்வார். ஆனால் நார்டூ வித்தைப் பக்குவம் அறிந்து உண்ணவேண்டும். பழங்குடியினர் அதை நீர்விட்டு அரைத்துப் பதப்படுத்தும் முறையை வழிவழியாக அறிந்திருந்தனர். இவர்கள் மூவரும் தாமே பொறுக்கி, தாம் அறிந்தபடி இடித்து உண்டனர். அதிலுள்ள ஒருவகை நொதி, உடலுக்கு வேண்டிய வைட்டமின் பி1 சத்தை அழித்துவிடும் என்று பிற்கால அறிவியலார் கண்டனர். வயிறு நிறைய உண்டும் நாளுக்கு நாள் மெலிந்ததை வில்ஸ் ஒரு மருத்துவரைப்போல் தம் நாட்குறிப்பில் எழுதி வந்தார்; காரணம்தான் அவருக்குப் புரியவில்லை. அந்த மக்களிடம் பொறுமையாகக் கேட்டுப் படித்திருக்கலாம். பர்க்கோ ஒரு சச்சரவில் அவர்கள் தலைக்கு மேலே துப்பாக்கியால் சுட்டார். அவர்கள் விலகிப் போய்விட்டார்கள்.

மே மாத இறுதியில் வில்ஸ் தனியாகவே நடந்து டிப்போ மரத்திற்குச் சென்றார். யாரும் வந்துபோன அறிகுறி அவருக்குத் தென்படவில்லை. தம் நாட்குறிப்புகளை எல்லாம் பெட்டியில் வைத்துப் புதைத்துவிட்டுத் திரும்பினார். உயிர் போனாலும் கணக்குப் போகக்கூடாது என்று எண்ணினார் போலும்.

ஜூன் மாதக் கடைசி. அங்கே அது குளிர்காலம், உடுத்திருந்தவையோ கந்தல்கள். வில்ஸால் எழுந்திருக்க முடியவில்லை. தம்மை விட்டுவிட்டுப் பழங்குடியினரைத் தேடிப் போகும்படி மற்ற இருவரையும் அவரே வற்புறுத்தினார். சில நாளைக்கான நார்டூவும் நீரும் விறகும் பக்கத்தில் வைத்தனர். தந்தையாருக்கு ஒரு கடிதம் எழுதி, தம் கடிகையையும் சேர்த்து ஒப்படைத்தார். கருவிகளோடு வாழ்ந்தவருக்கு அப்போது எஞ்சியிருந்த கருவி அது ஒன்றே. அவர் எந்த நாளில் கண்மூடினார் என்பது யாருக்கும் தெரியாது. அருகில் ஒருவரும் இல்லை. சற்றுத் தொலைவு சென்ற பர்க்கும் அதே நாட்களில் இறந்தார்.

கிங் மட்டும் யாண்ட்ருவாந்தா மக்களிடம் போய்ச் சேர்ந்தார். அவர்கள் அவருக்கு உணவும் உறைவிடமும் தந்து காத்தனர். மெல்பர்னிலிருந்து தேடிவந்த ஹோவிட் என்பவரின் குழு செப்டம்பர் 15-இல் அவரைக் கண்டுபிடித்தபோது, கறுத்து மெலிந்து, யாரென்றே அடையாளம் தெரியாமல் இருந்தார். வில்ஸின் உடலை அக்குழுவினர் அங்கேயே அடக்கம் செய்தனர். பின்னர் இருவருடைய எலும்புகளும் மெல்பர்னுக்குக் கொண்டுவரப்பட்டு, 1863 ஜனவரி 21-இல் பெருந்திரளான மக்கள் சூழ அடக்கம் செய்யப்பட்டன. வில்ஸின் தந்தையார் மகனுடைய நாட்குறிப்புகளையும் கடிதங்களையும் தொகுத்து நூலாக வெளியிட்டார். நால்வர் நடந்த வழியை நாம் நாள்வாரியாக அறிவது அந்தக் குறிப்புகளால்தான்.

கூப்பர் கிரீக் கரையில் அந்தக் கூலிபா மரம் இன்றும் பட்டுப்போகாமல் நிற்கிறதாம். பிராஹே செதுக்கிய எழுத்துகளில் பெரும்பகுதியைப் பட்டை வளர்ந்து மூடிவிட்டது. முகாமின் எண்ணை மட்டும் இன்னும் படிக்க முடிகிறது.